முதல் ஃபைட்டுக்கு 3 கிலோ குறைக்கணுமா? ஓகே சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பாக்ஸிங் கிளாஸில் சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு. முதல் போட்டிக்குப் பேர் கொடுத்தாச்சு. வீட்ல பாதி பயம், பாதி பெருமை. அப்போதான் யாராவது வந்து சொல்வாங்க... ''நீ 63 கிலோ இருக்க. 60-க்கு இறங்கிட்டா எதிர்ல வர்றவன் சின்ன ஆளா இருப்பான். ஈஸியா அடிச்சிரலாம்!''

கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா, எதிர்ல நிக்கிறவனும் இதே கணக்கைப் போட்டு 63-லருந்து இறங்கி வந்திருந்தா? ரெண்டு பேரும் பட்டினி கிடந்து, சோர்ந்துபோய் மோதுவீங்க. அவ்வளவுதான் லாபம்.

100 கிராம் சொன்ன பாடம்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கை மறந்திருக்க மாட்டீங்க. முன்பு 53 கிலோ பிரிவில் மல்யுத்தம் செய்த வினேஷ் போகத், அங்கே 50 கிலோவில் இறங்கினார். முதல் நாளில் மூன்று வெற்றிகள். ஜப்பானின் யுய் சுசாகியையே வீழ்த்தினார். ராத்திரி முழுக்க வியர்வை சிந்தி, முடியைக்கூட வெட்டியும், ஃபைனல் அன்று காலை 100 கிராம் அதிகம். தகுதிநீக்கம்!

அதே பாரிஸில் அமன் ஷெராவத் சுமார் 10 மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்து வெண்கலம் வென்றார். 'மாஸ்'னு நாமும் ஷேர் பண்ணோம். ஆனால், 2025 செப்டம்பரில் ஸாக்ரெப் உலக சாம்பியன்ஷிப்பில் அவரே 1.7 கிலோ கூடுதலாக இருந்து, மோதாமலேயே வெளியேறினார். ஒலிம்பிக் பதக்கம் வென்றவரையே தராசு கைவிடுதுன்னா, முதல் போட்டிக்குப் போற உங்களை என்ன செய்யும்?

பதக்கம் மட்டும் போறதில்லை

ஒரே நாளில் குறையும் எடை கொழுப்பு அல்ல, பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் வற்றினால் ரத்தத்தின் அளவு குறையும், இதயம் திணறும், உடம்பால் சூட்டை வெளியேற்ற முடியாது. 1997-ல் அமெரிக்காவில் எடை குறைக்கும் முயற்சியில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகே அங்கு கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் சூட், சானா எல்லாம் தடை செய்யப்பட்டன. 2015-ல் சீனாவின் 21 வயது வீரர் யாங் ஜியான் பிங் போட்டிக்கு முன்பே இறந்தார். அவர் மோதவிருந்த 'ஒன் சாம்பியன்ஷிப்' அமைப்பு, உடலில் நீர்ச்சத்து போதுமான அளவு இருக்கிறதா என்று சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது.

நல்ல கோச் என்ன செய்வார்?

முதல் போட்டிக்கு, நீங்கள் சாதாரணமாக என்ன எடையில் இருக்கிறீர்களோ அந்தப் பிரிவிலேயே இறக்குவார். எடை மாறியே ஆகணும்னா, பல வாரங்களுக்கு முன்பே சாப்பாட்டில் தொடங்குவார். கடைசி நாள் தண்ணீரை நிறுத்தச் சொல்ல மாட்டார்.

அடுத்து, தெரியாத ஆட்களோடு ஸ்பாரிங். கிளப் நண்பனின் பஞ்ச் உங்களுக்குப் பழகிடும். அறிமுகமில்லாதவன் வேகமா வந்தா மூச்சு முட்டும். பதற்றத்தில் முதல் ரவுண்டிலேயே பாதி சக்தி காலி ஆகிறது புதியவர்களுக்கு சகஜம். அந்த நேரத்தில் பட்டினி உடம்பு தாங்குமா? அதனாலதான் புது டெக்னிக்கைத் திணிக்காம, ஜாப், கார்டு, மூச்சு என நாலைந்து விஷயங்களைத் தேய்த்துத் தேய்த்துப் பழக்குவார். ரவுண்டு இடைவேளையில் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார். நிலைமை மோசமானா, தயங்காம போட்டியை நிறுத்துவார்.

முதல் ஃபைட் கப் வாங்க இல்லைங்க. அடி வாங்கினாலும் யோசிக்க முடியுதான்னு தெரிஞ்சுக்க. அதில் தோற்றால் அடுத்த மாசம் இன்னொண்ணு இருக்கு.

அதனால, பேர் கொடுக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்க: ''மாஸ்டர், நான் இப்போ இருக்கிற வெயிட்லயே இறங்கட்டுமா?'' அவர் பதில் சொல்லும் விதத்திலேயே, உங்களை அவர் எப்படிப் பார்க்கிறார்னு புரிஞ்சிடும்!