அகரம் பயிற்றாத திரை

அறிந்தவர் நாவும் அறிய விழைவார் செவியும் நேருக்கு நேர் இயையும் இடமே பள்ளி. மரத்தடியில் அமைந்தாலும் அது பள்ளியே. அவ்வியைபு இல்லையேல் மாடமாளிகையும் வெறுங்கட்டடமே. இவ்வெளிய உண்மையைக் கொரோனா எனும் மகுடைப் பெருந்தொற்றின் காலத்தே ஆள்வோரும் கல்வி வணிகரும் ஒருங்கே மறந்தனர். அம்மறதியின் கேட்டைச் சுமந்தோர் தமிழ்க் குழந்தைகள்!

2020 மார்ச்சுத் திங்களில் தமிழகப் பள்ளிகள் மூடப்பெற்றன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறக்கப்பெற்றது 2021 நவம்பர் முதல் நாளில். இடையே கழிந்தவை ஏறத்தாழ இருபது திங்கள்! 2020-இல் முதல் வகுப்பிற் சேர்ந்த குழந்தை, பள்ளி வாயிலை மிதித்தபோது இரண்டாம் வகுப்புக் குழந்தையாகிவிட்டிருந்தது. நோய்க்கு அஞ்சிக் கதவடைத்ததைக் குறை கூறுவாரில்லை, உயிரே முதன்மை. அடைத்த கதவுக்கு மாற்றாக ஒரு கண்ணாடிச் சில்லைக் குழந்தையின் கையிற் கொடுத்து, 'இனி இதுவே உன் பள்ளி, இதுவே உன் ஆசிரியர்' என்று சொல்லி அமைந்ததே குறை.

அச்சில்லும் எத்தனை வீடுகளில் இருந்தது? சேலம், நாமக்கல் சமவெளியின் வாழ்வை அறிந்தார்க்கு விடை கூற வேண்டுவதில்லை. பள்ளிப்பாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓட்டுவோர், சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் கண்ணெரியப் பற்றவைப்போர், ஆத்தூர்ப் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகளில் உழைப்போர், நாமக்கல்லிலிருந்து வடபுலம் வரை சரக்குந்து ஓட்டுவோர் ஆகிய எளியோரின் மக்களே அரசுத் தொடக்கப் பள்ளிகளை நிரப்புவோர். இவர்தம் வீட்டில் திறன்பேசி இருப்பின் ஒன்றே இருக்கும். அதுவும் தந்தையின் சட்டைப் பையில் இருக்கும். தந்தை சரக்குந்தோடு நாகபுரிக்குச் சென்றால் பள்ளியும் உடன் நாகபுரிக்குச் சென்றுவிடும்! அவர் திரும்பிய பின்னும் உடன்பிறந்தார் மூவர்க்கும் ஒரே திரை. மூத்தவனின் தேர்வு முன்னிற்கும். கடைக்குட்டியின் அகரம் கடையிற் போகும்.

திரை கிட்டிய குழந்தையேனும் கற்றதா? குழந்தையின் சுட்டுவிரலைப் பற்றி அகரத்தின் சுழியை வளைத்துக் காட்டக் கையொன்று வேண்டும். ழகரத்துக்கு நாநுனி மேலண்ணத்தை வருடுமாற்றை ஆசிரியர் வாய் திறந்து காட்டவேண்டும். பிழைத்தவிடத்து அப்பொழுதே திருத்தவேண்டும். விட்டு விட்டு ஒலிக்கும் கருவியில் லகரமேது, ளகரமேது? ரகரத்துக்கும் றகரத்துக்கும் வேறுபாடேது? வளர்ந்தோர்க்குச் செய்தி சொல்லத் திரை போதும். ஐந்தகவைக் குழந்தைக்கு எழுத்தறிவிக்கப் போதாது.

இக்கேட்டின்மேல் இன்னொரு கேடு! ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளுக்குப் பேர்போன நாமக்கல் வட்டாரத்தில், வீட்டுக்குள்ளேயே ஆங்கிலம் ஆட்சிக்கட்டில் ஏறியது. 'ஆன்லைன்', 'மியூட்', 'லிங்க்' என்று மழலைகள் பிதற்ற, அது கேட்டுப் பெற்றோர் பூரித்தனர். 'அம்மா' என்று எழுதவறியாத பிள்ளை 'மியூட்' என்று சொல்வது அறிவாகுமா? இணையவழி, ஒலியடக்கு, இணைப்பு என்னும் தமிழ்ச்சொற்கள் நாவைச் சுடுமா? பாவாணர் 1944 முதல் 1956 வரை கல்லூரியில் தமிழ் பயிற்றிய சேலத்து மண்ணிலா இவ்விழிவு!

நடுவணரசோ பெயரிலேயே வடமொழியைத் திணித்தது. பாடத்தளம் 'தீக்சா', ஆசிரியர் பயிற்சி 'நிசுட்டா', அலைவரிசைகள் 'சுவயம் பிரபா', 2020-இல் அறிவித்த திட்டம் 'ஈ-வித்தியா'. தமிழக அரசு 2019-இல் தொடங்கியதற்குக் 'கல்வித் தொலைக்காட்சி' என்று தமிழிலேயே பெயர் அமைந்ததே! மனம் இருந்தால் சொல்லும் இருக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

விளைவைக் கணக்கே கூறுகின்றது. நாட்டுப்புறப் பள்ளிப் பிள்ளைகளை ஆராயும் 'ஏசர்' அறிக்கையின்படி, தமிழகத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லார் 2018-இல் நூற்றுக்குப் பதின்மர் அளவினர். 2022-இல் ஐவர் அளவினர். முன்பே மெலிந்திருந்த உடல் பாதியாய்த் தேய்ந்தது! அதனைத் தேற்ற வந்தது எது? 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'. ஏறத்தாழ 2 இலக்கம் தன்னார்வலர் மாலைதோறும் குழந்தைகளைக் கூட்டி வைத்துப் பயிற்றினர். திரை கைவிட்டவிடத்துத் தாங்கியது மாந்தக் குரலே. அதுவும் தமிழ்க் குரலே.

கருவி பகையன்று; அது கரும்பலகையைப் போன்ற ஒரு துணை. கரும்பலகையை ஆசிரியராக்கினார் எவருமிலர். தொடக்கப் பள்ளிகளில் 22,000-க்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கும் திட்டத்தை வகுத்த தமிழக அரசு, ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் ஆசிரியர் என்பதை முதலில் உறுதி செய்யட்டும். அத்திரைகளில் தோன்றும் பாடமும் கட்டளைச் சொற்களும் தூய தமிழில் அமையட்டும். ஐந்தாம் வகுப்பு வரை தமிழே பயிற்றுமொழி என்பது அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்னும் வேறுபாடின்றிச் சட்டமாகட்டும்.

இன்னொரு கொள்ளைநோய் எந்நாள் வருமோ, அறிவார் யார்? வரினும், குழந்தையின் முதலெழுத்து அறுந்துபோகாமல் காக்கும் ஏற்பாடு ஊர்தோறும் இன்றே அமைதல் வேண்டும். திண்ணையும் மரத்தடியும் தமிழறிந்த நாவும் தமிழகத்தில் இன்னும் உள்ளன. இல்லாதது உறுதி ஒன்றே! அதனைத் தமிழ்ப் பெற்றோர் கொள்க. ஆள்வோரைக் கொள்ளச் செய்க!