நம் வாசலில் ஓடும் அமானிதம்

1971 பிப்ரவரி 2-ல் ஈரானின் ராம்சர் நகரில் கூடிய நாடுகள், ஏரி, குளம், சதுப்பு நிலங்களைக் காக்க ஓர் உடன்படிக்கை செய்தன. 1982-ல் இந்தியா அதில் இணைந்தது. 2024-ல் நம் பக்கத்து மாவட்டமான அரியலூரின் கரைவெட்டி ஏரியும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றது.

"இது பறவை பார்ப்பவர்களின் கவலை, கடைத்தெருவில் உழைக்கும் நமக்கென்ன?" என்று கேட்கும் சகோதரர்கள் உண்டு.

கரைவெட்டிக்குப் புள்ளம்பாடி வாய்க்கால் கொண்டு போவதும், நம் தென்னூரில் உய்யக்கொண்டான் வாய்க்காலில் ஓடுவதும் ஒரே காவிரித் தண்ணீர்தான்! சோழர் காலத்தில் வெட்டப்பட்ட உய்யக்கொண்டான் பேட்டைவாய்த்தலையில் பிரிந்து, திருச்சி நகரைக் கடந்து, வயல்களுக்குப் பாய்ந்து வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. நகருக்குள் நுழையும் தண்ணீர், நகரைத் தாண்டும்போது சாக்கடையாகிறது. கடைமடை விவசாயிக்கு நாம் அனுப்பி வைப்பது இதைத்தானா?

நீர் தங்கும் இடங்களை அழித்தால் வெள்ளம் வீட்டுக்குள் வரும். 2005 நவம்பரில் கோரையாறு பெருகியபோது திருச்சி அதைப் பார்த்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் கட்டடங்களுக்குப் பறிகொடுத்த சென்னை, 2015-ல் அனுபவித்தது. அன்று நம் இளைஞர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மக்களை மீட்டார்கள். பள்ளிவாசல்கள் எல்லோருக்கும் திறந்தன. நாடே பாராட்டியது. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் வெள்ளம் வந்தபின் செய்த சேவையை, வருமுன் செய்ய வேண்டாமா?

வாய்க்காலில் சாக்கடை கலப்பதை மாநகராட்சி நிறுத்த வேண்டும். ஆக்கிரமிப்பு அகற்றுவதாக இருந்தால், ஏழைகளுக்கு மாற்று இடம் தந்துவிட்டே அகற்ற வேண்டும். இதைக் கேட்பது நம் உரிமை.

கேட்கும் நம் கை சுத்தமாக இருக்கிறதா? இரவில் கடை அடைத்ததும் கோழிக் கழிவு மூட்டை எங்கே போகிறது? குர்பானி முடிந்ததும் தோலும் குடலும் எங்கே போகின்றன? எல்லாச் சமூகத்தாரும் கொட்டுகிறார்கள் என்பது உண்மை. அது அல்லாஹ்விடம் நமக்குப் பதிலாகாது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைக்கூட நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்தத் தூதரின் உம்மத், பலர் புழங்கும் நீரில் குப்பை கொட்டலாமா?

வியாபாரிகளே! கடைக் கழிவை மாநகராட்சி வண்டியில் சேருங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே! பக்ரீதுக்கு முன்பே கழிவு அகற்ற ஏற்பாடு செய்யுங்கள். ஜும்ஆ மேடையில் இதைச் சொல்லுங்கள். இளைஞர்களே! கோடையில் வாய்க்கால் வற்றும்போது, அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவ சகோதரர்களையும் அழைத்துக்கொண்டு கரையில் இறங்குங்கள்.

தண்ணீர் நமக்குச் சொத்தல்ல, அமானிதம். வாங்கியபடியே அடுத்தவருக்குக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்!