சதரம் முகாமில் வயிற்றையும் விசாரியுங்கள்

மதிப்பிற்குரிய திருப்பதி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

ரேணிகுண்டாவிலிருந்து ஆட்டிசம் உள்ள பிள்ளையைச் சதரம் எனும் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக அழைத்துவரும் பெற்றோரிடம் பல கேள்விகள் கேட்கப்படுகின்றன. இந்தக் குறைபாட்டை மதிப்பிட மத்திய அரசு ஏற்றுள்ள 'ஐசா' அளவுகோலில் மட்டும் 40 கேள்விகள். முகம் பார்க்கிறானா, அடம்பிடிக்கிறானா, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறானா என எல்லாம் உண்டு. சாப்பிட்டதும் எதுக்களிக்கிறதா, வெளிக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்ற கேள்விகள் இல்லை.

அளவுகோலின் மேல் குற்றமில்லை. குறைபாட்டை அளப்பதுதான் அதன் வேலை. ஆனால் தன்னைக் கடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு நெஞ்செரிச்சலாக இருந்தால்? அந்த வலியும் மதிப்பெண்ணோடு சேர்ந்துவிடும், வைத்தியம் மட்டும் நடக்காது.

இது வெறும் ஊகமல்ல. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வயிற்றுக் கோளாறுகள் மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்த ஒரு கட்டுரை 2014இல் சொன்னது. 1999இல் அமெரிக்காவில் வயிற்றுத் தொல்லையோடு வந்த 36 ஆட்டிசக் குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தார்கள். 25 பேருக்கு அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்பட்டிருந்தது. பேச்சு வராத பிள்ளை "எரியுது" என்று சொல்லாது. தொண்டையை விரலால் தட்டும், ஓயாமல் கனைக்கும், சட்டைக் காலரை மெல்லும், வயிற்றை மேசை விளிம்பில் அழுத்தும், நள்ளிரவில் எழுந்து அலறும். வயிற்று நோயின் ஒரே அடையாளம் இத்தகைய நடத்தையாகவே இருக்கலாம் என்று 2010இல் வல்லுநர் குழு ஒன்று மருத்துவர்களை எச்சரித்தது.

நம் ஊரில் நடப்பது வேறு. "ஆட்டிசம்னா அப்படித்தான்" என்று சொல்லி மூர்க்கத்தைத் தணிக்க ரிஸ்பெரிடோன் எழுதிவிடுகிறார்கள். சிலருக்கு அது தேவைதான். ஆனால் அதன் பக்கவிளைவுகளில் மலச்சிக்கலும் ஒன்று!

இன்னொரு பக்கம் உணவு வியாபாரம். கோதுமையும் பாலும் நிறுத்தினால் ஆட்டிசம் தீரும் என்பார்கள். எல்லோருக்கும் அதைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது அதே 2010 வல்லுநர் குழு. வயிற்றைக் காட்டி, ஆட்டிசத்துக்குத் தடுப்பூசியின் மேல் பழிபோட்ட மருத்துவர் வேக்ஃபீல்டின் கட்டுரையை 'லான்செட்' இதழே 2010இல் திரும்பப் பெற்றது. எதுக்களிப்பு ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. ஆட்டிசத்தோடு வாழும் பிள்ளையை வதைக்கிறது, அவ்வளவே.

தங்களிடம் கேட்பது பெரிய நிதி அல்ல. சதரம் முகாமில் தெலுங்கிலும் தமிழிலும் அச்சிட்ட ஒரு தாள்: தூக்கம், வாந்தி, மலச்சிக்கல், உணவு மறுப்பு, மேலே சொன்ன உடல் சைகைகள். இவற்றில் எது இருந்தாலும் மனநலப் பிரிவோடு நிறுத்தாமல் அன்றைக்கே ருயா மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கும் சீட்டு எழுதித் தர வேண்டும். பிள்ளை புதிதாகக் கடிக்கவோ முட்டிக்கொள்ளவோ தொடங்கினால், மனநல மாத்திரைக்கு முன் வயிறு, பல், காது மூன்றையும் பார்க்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை போக வேண்டும்.

2022இல் பிறந்த புதிய மாவட்டம் இது; புதிய வழக்கமும் இங்கிருந்தே தொடங்கட்டும். அடுத்த முகாமிலேயே இதைத் தொடங்கி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.