எட்டு வயதுக்கு மேல் என்றால் பாட்டியும் சேர்த்தியா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் புலனக் குழுக்களில் தவறாமல் ஒரு கேள்வி வரும். "வீட்டுல சின்னவங்க பெரியவங்க எல்லாரும் சேர்ந்து விளையாட ஒரு நல்ல கேம் சொல்லுங்களேன்." தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் இன்னும் இரண்டு முறை வரும். பதில்களும் மாறுவதில்லை. ஒரு தரப்பு, "பிள்ளைங்களுக்குக் கணக்கு வர்ற மாதிரி ஏதாவது வாங்குங்க" என்னும். இன்னொரு தரப்பு பல்லாங்குழிப் படம் ஒன்றைப் போட்டு, நம் பாரம்பரியத்தை மீட்போம் என்னும். மூன்றாவது தரப்பு என் வயதுக்காரர்கள். சனிக்கிழமை இரவுகளை போர்ட் கேம் கஃபேயில் கழிப்பவர்கள். வாயில் நுழையாத நாலைந்து பெயர்களை அடுக்கிவிட்டு, "ஆனா இதெல்லாம் உங்க வீட்டுல எடுபடுமான்னு தெரியல" என்று ஒரு சிரிப்புப் பொம்மையையும் சேர்த்துவிடுவார்கள்.

மூன்று பதிலும் தவறு. கேள்வியில் இருந்த 'எல்லாரும்' என்ற சொல்லை மூன்று தரப்புமே படிக்கவில்லை.

நம் வீடுகளில் அந்த 'எல்லாரும்' யார்? எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஏழு வயதுப் பிள்ளை. கைப்பேசியைக் கீழே வைக்காத பதினான்கு வயது. வேலை முடிந்து சோர்ந்து வந்த அப்பா, அம்மா. எல்லாம் தெரிந்த மாமா ஒருவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகள் மட்டும் படித்த எழுபது வயதுப் பாட்டி. எந்த விளையாட்டை எடுத்தாலும் இவர்களில் ஒருவரை அது மேசையைவிட்டு எழுப்பிவிடும். பெரும்பாலும் எழுந்து போவது பாட்டிதான். "நீங்க வெளாடுங்கய்யா, நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்பார். கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கும். அது அவருடைய விருப்பம் என்று நாம் நம்பிக்கொள்கிறோம்.

குடும்பத்துக்கு விளையாட்டு தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'யார் முதலில் எழுந்து போவார்?' என்பதுதான். அவரை உட்கார வைக்கும் விளையாட்டு மற்றவர்களையும் உட்கார வைக்கும்.

பெட்டியின் மேல் போட்டிருக்கும் '8+' இதற்கு உதவாது. அந்த எண் ஒரு குழந்தையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. வாயில் போட்டு விழுங்கக்கூடிய சிறு துண்டுகள் உண்டா, இவ்வளவு விதிகளைப் பிள்ளை தாங்குமா என்ற கணக்கு அது. சில சமயம் அதுகூட இல்லை. அமெரிக்காவில் 2008இல் வந்த சட்டம், 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான பொருள்களைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சொல்கிறது. பெட்டியில் '14+' என்று போடுபவருக்கு அந்தச் செலவு மிச்சமாகலாம். கீழ்வரம்பு மட்டும் உள்ள எண் இது. கண்புரை அறுவை செய்த கண்ணுக்கு அந்த எழுத்து தெரியுமா, மூட்டுவலி உள்ள விரல்கள் ஏழு சீட்டைப் பிடித்திருக்க முடியுமா என்று எந்தப் பெட்டியும் சொல்வதில்லை. தொழிற்சாலைக்கு ஒரு பம்ப் வாங்குவதென்றால்கூட, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரம், எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கொடுக்காமல் நாங்கள் கடைக்காரரிடம் பேசுவதில்லை. வீட்டு மேசைக்கு மட்டும் அட்டைப் படத்தைப் பார்த்து வாங்குகிறோம்.

ஆகவே என் பட்டியல் இது. ஒன்று, படிக்கத் தெரியாமலேயே ஆட முடியுமா? இரண்டு, ஆட்டம் முடிவதற்குள் யாராவது தோற்று வெளியே உட்கார வேண்டியிருக்குமா? மூன்று, விதிகளை ஐந்து நிமிடத்தில், தமிழில், அங்கேயே ஒரு சுற்று ஆடிக்காட்டி விளக்கிவிட முடியுமா? நான்கு, அதிர்ஷ்டமும் யோசனையும் கலந்திருக்கிறதா? முழுக்க யோசனை என்றால் மாமா மட்டும் ஜெயிப்பார். முழுக்க அதிர்ஷ்டம் என்றால் பதினான்கு வயதுக்காரன் கைப்பேசிக்குத் திரும்பிவிடுவான்.

நம் நாட்டில் பலருக்கும் முதல் பலகை விளையாட்டு சாய்டினாதான். அதன் மூலமான மோனோபோலி இந்தப் பட்டியலில் எங்கே நிற்கிறது? 1904இல் எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி, நிலம் ஒரு சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று காட்டுவதற்காக ஒரு விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து பிறந்ததைத்தான் பார்க்கர் பிரதர்ஸ் 1935இல் விற்கத் தொடங்கியது. ஒருவரைத் தவிர எல்லாரும் நடுத்தெருவுக்கு வர வேண்டும் என்பதே அதன் வடிவமைப்பு. முதலில் திவாலாகிறவர் ஒன்றரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதையும் நாம் மோசமாக்குகிறோம். ஒருவர் வாங்க மறுத்த நிலத்தை உடனே ஏலம் விட வேண்டும் என்பது மோனோபோலியின் அச்சிட்ட விதி. எத்தனை வீட்டில் ஏலம் விடுகிறார்கள்? அபராதப் பணத்தை நடுவில் குவித்து, வந்து நிற்பவருக்குத் தூக்கிக் கொடுப்பது மட்டும் எல்லா வீட்டிலும் நடக்கும். சாக வேண்டிய ஆட்டம் அதனால்தான் இரவெல்லாம் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

இனி அந்த மூன்று தரப்புக்கும் வருகிறேன்.

கல்வி விளையாட்டுக்காரர்கள். யூ.பி.எஸ்.ஆர் தேர்வை அரசாங்கம் 2021இல் எடுத்துவிட்டது. இவர்களுடைய வீட்டு மேசையிலிருந்து அது இன்னும் போகவில்லை. பகடை உருட்டி, வாய்ப்பாடு சொல்லி, சரியாகச் சொன்னால் மூன்று கட்டம் முன்னேறலாம் என்றால் அது பயிற்சிப் புத்தகம். பிள்ளைக்கு இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைவிட முக்கியமானது, அந்த மேசையில் பெரியவர்கள் யாரும் விளையாடுவதில்லை என்பது. அவர்கள் கண்காணிக்கிறார்கள். பிள்ளை தப்பு செய்யலாம், அவர்கள் செய்யக்கூடாது. கணக்கு வர வேண்டும் என்றால் சீட்டாட்டத்தில் புள்ளி கூட்டும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். தானாக வரும்.

பாரம்பரியக்காரர்கள். பொங்கல் விழாக்களில் பல்லாங்குழியை வாழை இலைமேல் வைத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். விளையாடி நான் அதிகம் பார்த்ததில்லை. பல்லாங்குழி அருமையான விளையாட்டு. மலாய்க்கார நண்பர்களின் சொங்காக்கும் அதே குடும்பம். இரண்டு பக்கமும் வீடு என்ற பெரிய குழி இருப்பது பெரிய வித்தியாசம். ஆனால் அது இரண்டு பேருக்கானது. ஏழு பேர் இருக்கும் வீட்டில் ஐந்து பேர் என்ன செய்வது? பரமபதத்தில் ஆடுபவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுகூடக் கிடையாது. பாம்பும் ஏணியும் பார்த்துக்கொள்ளும். அதே சமயம் தாயம் என் நான்கு கேள்வியையும் தாண்டிவிடுகிறது. தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டால் போதும். தாயம் விழ வேண்டும் என்பது அதிர்ஷ்டம். எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது, யாரைத் தப்பிக்க விடுவது என்பது யோசனை. வெட்டுப்பட்டவரும் ஆட்டத்திலேயே இருக்கிறார், மறுபடி தாயம் போட்டு உள்ளே வரலாம். விதிகளை விளக்குவதும் பாட்டிதான். தாயத்தை எடுங்கள் என்று நான் சொல்வது அது நம்முடையது என்பதற்காக இல்லை. அது நன்றாக வேலை செய்கிறது. முட்டி மடக்க முடியாதவருக்காக அட்டையில் வரைந்து மேசைமேல் வையுங்கள், கலாசாரம் ஒன்றும் குறைந்துவிடாது.

என் வயதுக்காரர்கள். கேட்டான் 1995இல் வந்து பெரியவர்களையும் பலகை முன் உட்கார வைத்த விளையாட்டு, மறுக்கவில்லை. ஆனால் அடிப்படைப் பெட்டி மூன்று அல்லது நான்கு பேருக்கு. சீட்டுகளில் ஆங்கிலம். விதி விளக்கவே அரை மணி நேரம். இதை வீட்டில் விரித்துவிட்டு, "எங்க வீட்டுல யாருக்கும் ரசனை இல்லை" என்று முகநூலில் எழுதுபவர் தன் ரசனையைக் காட்ட வந்தவர், விளையாட வந்தவர் அல்லர். புத்தகம் பரிந்துரைக்கும்போதும் நம்மில் பலர் இதையேதான் செய்கிறோம்.

அப்படியென்றால் எதை எடுப்பது? முதலில் ஐம்பத்திரண்டு சீட்டு உள்ள சாதாரணக் கட்டு. "சீட்டா? சூதாட்டமா?" என்று பதறுகிறவர்கள் உண்டு. பதற்றத்துக்குக் காரணமும் உண்டு. திருக்குறளிலேயே சூதுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. தோட்டங்களில் சம்பள நாளன்று பணம் வீடு வந்து சேராத கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இன்றைக்கும் தீபாவளி இரவில் பின்கட்டில் ஆண்கள் பணம் வைத்து ஆடுவதை யாரும் தடுப்பதில்லை. கூடத்தில் பிள்ளைகள் கழுதை ஆடினால் மட்டும் அதட்டல். கெட்டது பணயம். சீட்டு என்ன பாவம் செய்தது? அந்தக் கட்டைப் பின்கட்டிலிருந்து எடுத்து, பணமில்லாமல் கூடத்தில் வையுங்கள். மொழி வேண்டாம், விலை குறைவு, பெரிய எண் அச்சிட்ட கட்டும் கிடைக்கிறது.

ரம்மி தெரிந்த வீட்டில் ரம்மிக்கப்பைத் தனியாகச் சொல்லித்தரவே தேவையில்லை. 106 கட்டைகள், பெரிய எண்கள், நான்கு நிறங்கள். கட்டைகளைப் பலகையில் நிறுத்தி வைப்பதால் விரல்வலிக்காரருக்கும் வசதி. நான்கு பேர்தான் ஆடலாம் என்றால் இருவர் இருவராகச் சேர்ந்து ஆடுங்கள், பாட்டியும் ஏழு வயதும் ஓர் அணி. ஊனோவும் தேறும், ஒரே நிபந்தனை: '+2', '+4' சீட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாமா என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். கூடாது என்று ஊனோவே 2019இல் டுவிட்டரில் சொல்லியும் சண்டை ஓயவில்லை.

இந்த இதழைப் படிப்பவர்களுக்காகத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். டிக்சிட். 2010இல் ஜெர்மனியின் ஆண்டுச் சிறந்த விளையாட்டு விருதை வாங்கியது. 84 படங்கள், எழுத்தே கிடையாது. உங்கள் கையில் உள்ள ஒரு படத்துக்கு நீங்கள் ஒரு குறிப்பு சொல்ல வேண்டும். மற்றவர்கள் தங்கள் படங்களை அதோடு கலந்து வைப்பார்கள், எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லாரும் கண்டுபிடித்தால் உங்களுக்குப் புள்ளி இல்லை. யாருமே கண்டுபிடிக்காவிட்டாலும் இல்லை. நம் நவீனக் கவிஞர்கள் மாதம் ஒரு முறையாவது இதை ஆடுவது நல்லது. எங்கள் வீட்டில் ஒரு முறை பாட்டி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமியார் வீடு" என்றார். அம்மாவும் அத்தையும் உடனே சரியான படத்தைக் காட்டினார்கள். மாமாவும் பிள்ளைகளும் விழித்தார்கள். பாட்டிக்கு மூன்று புள்ளி. உவமையும் உள்ளுறையும் இரண்டு பருவம் படித்தவன் நான். என் குறிப்புகளுக்கு அன்று ஒரு புள்ளியும் விழவில்லை.

ஜஸ்ட் ஒன் என்ற விளையாட்டுக்குக் காசே வேண்டாம். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர்கள் ஒரு சொல்லுக்கு ஆளுக்கொரு குறிப்பு எழுத வேண்டும். ஒரே குறிப்பை இருவர் எழுதியிருந்தால் இரண்டும் அழிக்கப்படும். மிச்சத்தைக் காட்டிக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். பழைய தாளும் பேனாவும் போதும். சொற்களை நீங்களே தமிழில் எழுதுங்கள்: ரப்பர் வாளி, சம்பந்தி, கொசுவலை, திருவிழா. எழுத வராதவர் பக்கத்தில் இருப்பவர் காதில் சொல்லட்டும். தேசியப் பள்ளியில் படிக்கும் பேரன் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டுப் பாட்டியிடம் திரும்புவதற்கு, வீட்டில் வேறு எந்த இடத்தை நாம் விட்டு வைத்திருக்கிறோம்?

இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நம் வீடுகளில் பெரியவர் சொல்வதே சட்டம். அவர் சொன்னது தப்பு என்று பிள்ளை சொன்னால் அதன் பெயர் வாய்க்கொழுப்பு. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, "மாமா, அது விதி இல்ல, காய பழைய இடத்துல வைங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லி, மாமாவும் வைக்க வேண்டியிருக்கும் ஒரே இடம் இந்த மேசைதான். மாமா வைக்க மறுத்தால், அல்லது நடுவில் புது விதி ஒன்றைக் கண்டுபிடித்தால், மற்ற பெரியவர்கள் சிரித்து மழுப்பக்கூடாது. அன்று அந்தச் சிறுமி கற்றுக்கொள்வது விளையாட்டை மட்டுமல்ல.

வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பதும் அதே அவமதிப்பின் இன்னொரு முகம். பிள்ளைக்கு அது தெரியும், பாட்டிக்கு நன்றாகவே தெரியும். திறமை வித்தியாசம் பெரிதாக இருந்தால் வெளிப்படையாகச் சலுகை வையுங்கள். சதுரங்கத்தில் ராணியை எடுத்துவிட்டு ஆடுங்கள். கேரத்தில் பெரியவர் இடக்கையால் அடிக்கட்டும். அதற்குப் பிறகு முழுமூச்சாக ஆடுங்கள். பிள்ளை ஜெயித்தால் அது உண்மையான வெற்றியாக இருக்கும்.

"எங்க பாட்டிக்கு இதுலெல்லாம் ஆர்வம் இல்லைங்க" என்ற பதில் வரும் என்று தெரியும். அவர் எழுந்து போவதற்கு ஆர்வமின்மை காரணம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? தொட்டியில் பாத்திரம் கிடக்கும்போது சீட்டைப் பிடித்து உட்காரக்கூடாது என்று அவருக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். விளையாட்டை எடுப்பதற்கு முன்னால் வீட்டு ஆண்கள் பாத்திரங்களைக் கழுவி முடிக்கட்டும். அதன் பிறகு பாட்டியின் நாற்காலியை விளக்குக்குப் பக்கத்தில் போட்டு, சீட்டைக் கலைத்து அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் அதை அவருடைய விருப்பம் என்று எடுத்துக்கொள்ளலாம்.