வயரில் வந்தும் இன்டர்நெட் மெதுவா?

கேள்வி: எங்கள் வீட்டில் 100 எம்.பி.பி.எஸ். பைபர் இணைப்பு இருக்கிறது. மோடம் பக்கத்தில் செல்போன் நன்றாக வேலை செய்கிறது. களத்தை ஒட்டிய அறையில் உள்ள கம்ப்யூட்டருக்கு வயர் இழுத்திருக்கிறோம். பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல், பாஸ்புக் நகல்களை ஏற்றினால் பாதியில் நின்றுவிடுகிறது. பெரிய பிளானுக்கு மாறலாமா, புது கம்ப்யூட்டர் வாங்கலாமா?
- ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். இலை மஞ்சளானதும் யூரியா மூட்டையைப் பிரிக்காமல் வேரைப் பார்ப்போம் அல்லவா? இதுவும் அப்படித்தான். மோடம் பக்கத்தில் செல்போன் வேகமாக இருப்பதால், வீடு வரை வரும் இணைப்பில் குறையில்லை. கோளாறு வயரிலோ கம்ப்யூட்டரிலோ இருக்க வேண்டும்.

முதலில் கம்ப்யூட்டரை மோடம் அருகே கொண்டுபோய், ஒரு புதிய சிறு வயரில் இணைத்துப் பாருங்கள். அங்கே வேகம் வந்தால் நீள வயர்தான் காரணம். அங்கேயும் மெதுவாக இருந்தால், கம்ப்யூட்டர் பின்னணியில் அப்டேட் எதையாவது இறக்கிக்கொண்டிருக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள்.

அடுத்து, நீள வயரை மாட்டி, செட்டிங்ஸில் நெட்வொர்க், ஈதர்நெட் பகுதிக்குப் போனால் 'லிங்க் ஸ்பீட்' என்று இருக்கும். 100 அல்லது 1000 என்றால் உங்கள் பிளானுக்குப் போதும். 10 என்று காட்டினால் வயரோ முனையோ பழுது. இந்த வயருக்குள் 8 கம்பிகள், 4 ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 1000 வேகத்துக்கு 4 ஜோடியும் வேண்டும். 100க்கு 2 ஜோடி போதும். எலி கடித்தாலும், முனையில் கம்பி சரியாகப் பிடிக்காவிட்டாலும் வேகம் இறங்கிவிடும்; அனுப்பும் தகவலும் வழியில் தொலையும்.

முனை மட்டும் பழுதென்றால் கேபிள்காரரிடம் சொல்லிப் புதிதாக கிரிம்ப் செய்தால் தீரும். வயரையே மாற்றுவதானால் 'கேட் 5இ' வகையில், முழுச் செம்புக் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு பூசியதும் விற்கிறார்கள், அது வேண்டாம். 100 மீட்டருக்கு மேல் ஒரே வயராக இழுக்கக் கூடாது. வெயில் படும் இடத்தில் வெளிப்புறத்துக்கென்றே உள்ள வயரைப் போடுங்கள்.

களத்துப் பக்கம் போகும் வயரை மோட்டார் கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் விட்டிருந்தால் உடனே பிரித்துவிடுங்கள். இரைச்சல் கலந்து வேகம் குறையும் என்பது ஒருபுறம். கரண்ட் வயரின் உறை உரிந்தால் உயிருக்கே ஆபத்து. பிரிக்கும்முன் மெயினை அணையுங்கள். இடி மின்னல் வருவதற்கு முன்பே இரு முனைகளையும் கழற்றிவிடுவது நல்லது.

காப்பீட்டுக் கடைசி நாள், வயர் சரியாகும்வரை காத்திருக்காது. ஆவணங்களோடு பொதுச் சேவை மையத்தில் இப்போதே பதிந்துவிடுங்கள். ரசீதில் சர்வே எண்ணும் கிராமத்தின் பெயரும் சரியா என்று பார்த்த பிறகே அங்கிருந்து கிளம்புங்கள்.