வக்கீல் மேல் புகார்: விசாரணைக்குப் போறதுக்கு முன்னாடி...

எங்க பிள்ளையார்பாளையத்துல ஒரு பெரியவர். நாப்பது வருஷமா தறிதான். சேர்த்த பணத்தை ஒருத்தருக்குக் கடன் கொடுத்துட்டு, வராம போனதும் புரோநோட்டோட வக்கீலைப் பார்த்தார். "கேஸ் போட்டாச்சு, வாய்தா போயிட்டிருக்கு"ன்னே காலம் ஓடிடுச்சு. இ-கோர்ட்ஸ்ல நான் தேடினா அப்படி ஒரு வழக்கே இல்லைங்க! புரோநோட்டுக்குக் கெடு மூணு வருஷம். அதுவும் முடிஞ்சு போச்சு.

பார் கவுன்சில்ல புகார் கொடுத்தோம். அடுத்த வாரம் சென்னையில விசாரணை. ஃபைல் தயார் பண்றது என் வேலை. பெரியவர் கோவத்தைத்தான் கொண்டு வர்றார். அங்கே கோவம் செல்லாது, காகிதம்தான் பேசும். வக்காலத்து, பீஸ் கொடுத்த ரசீது, போன் மெசேஜ் எல்லாத்தையும் தேதிவாரியா அடுக்கினேன். கிட்டத்தட்ட கிரிமினல் கேஸ் அளவுக்கு ஆதாரம் எதிர்பார்ப்பாங்க.

இது புதுக்கதையும் இல்லை. 1978-ல் சுப்ரீம் கோர்ட் தீர்த்த ரங்கதுரை வழக்கும் நம்ம தமிழ்நாட்டு விவகாரம்தான். காது கேட்காத ஒரு முதியவர், ரெண்டு புரோநோட்டு, மொத்தம் 20,000 ரூபாய், போடாத வழக்கு. மாநில பார் கவுன்சில் 6 வருஷம் சஸ்பெண்ட் பண்ணுச்சு. இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருஷமாக் குறைச்சுது. நீதிபதி கிருஷ்ணய்யர், பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடு, இலவச சட்ட உதவி செய்னு சொன்னார். திருந்த வைக்கிற தண்டனைன்னு பாராட்டுறாங்க. எனக்கென்னவோ, போன பணத்தையும் வந்த பணத்தையும் பார்த்தா மனசு ஆறலை.

2024 மே மாசம், வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துல வராதுன்னும் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அப்போ பார் கவுன்சில் கதவு எவ்வளவு முக்கியம்? ஆனா ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுல மூணு பேருமே வக்கீல்கள். வெளியாள் ஒருத்தராவது இருக்கணும்ங்கிறது என் கட்சி. நியாயம் நடந்தா மட்டும் போதாது, நடந்ததுன்னு ஒரு நெசவாளிக்கும் தெரியணும் இல்லையா?

நேத்து ராத்திரி சமாதானம் பேச ஆள் வந்துச்சு. "வாங்கிக்கிட்டு விட்டுடவா தம்பி?"ன்னார் பெரியவர். சமாதானம் ஆனாலும் அந்த ஒரே காரணத்துக்காக விசாரணையைக் கைவிடக் கூடாதுன்னு விதியே இருக்குன்னு சொன்னேன். வாங்குறதும் விடுறதும் உங்க இஷ்டம் ஐயான்னும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பாவையே பார்த்துக்கிட்டிருந்தார். "அடுத்து அவர்கிட்ட ஒருத்தன் நோட்டோட போவானே"ன்னார்.

ஃபைலை மூணு காப்பி எடுத்து வெச்சுட்டேன். காலையில முதல் பஸ்.