ஒட்டகத்தைக் கட்டினீர்களா?



1912-ல் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் பனிப்பாறையில் மோதி டைட்டானிக் மூழ்கியது. கப்பலில் சுமார் 2,200 பேர். உயிர்காப்புப் படகுகளிலோ 1,178 பேருக்கே இடம். ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர்.

அதே நியூபவுண்ட்லாந்தில், சென் ஜோன்ஸ் நகரில், இன்று 90 மீற்றர் நீளமான தொட்டியொன்று உண்டு. அதில் நீரை உறையவைத்து, சிறிய மாதிரிக் கப்பலைப் பனிக்கட்டியூடாகச் செலுத்தி, அதன்மேல் விழும் தாக்கத்தை அளக்கிறார்கள். சோதித்தறிந்து கடலிறங்குவதே அறிவு.

நம் குறிகட்டுவானில் பனிக்கட்டி மீன்பெட்டியில்தான். ஆனால் காற்றும் அலையும் உண்டு. நெடுந்தீவுக்குப் படகேறும் பிள்ளைக்கு உயிர்காப்பு அங்கி அணிவிக்காமல், "அல்லாஹ் காப்பான்" என்றிருப்பது தவக்குல் அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள்.

அங்கியின் நாடாவை உங்கள் கையாலேயே கட்டுங்கள். பின்பு துஆக் கேளுங்கள்.